அப்பாவின் நோட்டில் ‘தூ.வி.’ என்று இருப்பது என்ன? தீயணைப்புத் துறையில் இருந்தவர்கள் சொல்லுங்களேன்

மன்னைப்பொண்ணு | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். 66 வயது. விடியற்காலையில், தூக்கத்திலேயே. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, நானும் தம்பியும் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அதுவரை அதை யாரும் தொட்டதில்லை. பூட்டு கிடையாது, ஆனாலும் தொட்டதில்லை.

அப்பா 1981-ல் தீயணைப்போராகச் சேர்ந்தவர். நாகப்பட்டினம், பாபநாசம், கும்பகோணம், கடைசியாக மன்னார்குடி. 2016-ல் 58 வயதில், முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றார். வேலையைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். ஆனால் வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். ராத்திரி படுக்கப் போகும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினோமா என்று அம்மா பார்த்த பிறகு அவர் ஒரு தடவை பார்ப்பார். தீபாவளிக்கு நைலான் கலந்த துணி எடுக்கவே கூடாது. நான் பத்தாவது படிக்கும்போது பளபளவென்று ஒரு சுடிதாரைக் கேட்டு, அவர் கடையிலேயே ஒரு நூலை உருவி வெளியே போய்த் தீக்குச்சியில் காட்டி, அது உருகிச் சொட்டுவதை எனக்குக் காட்டினார். கடைக்காரர் முகத்தைப் பார்க்கணுமே. கடைசியில் பருத்திதான். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை வாசல் என்று பார்ப்பார். பந்தியில் வாசல் பக்கத்து இலையில்தான் எங்களை உட்கார வைப்பார். அதனாலேயே பாயசம் எங்கள் இலைக்கு வரும்போது வாளியில் அடிமண்டிதான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் காக்கிச் சட்டை இரண்டு, பெல்ட், ஒரு பித்தளை விசில், அப்புறம் பதினொரு நோட்டு. கடையில் வாங்கிய நோட்டு இல்லை. ஒவ்வொரு வருஷமும் முழுப்பரீட்சை முடிந்ததும் எங்கள் பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்துச் சேர்த்துக் கோணி ஊசியால் தைப்பார். கணக்கு எழுதத்தான் என்று நினைத்திருந்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு. இடது பக்கம் இப்படி இருக்கிறது:

14.2.99 – 2.10 – சி – கு 3 – 4.45

வலது பக்கம் ஒன்றிரண்டு வார்த்தை. ‘பாப்பா காய்ச்சல்’, ‘ரேஷன் கடைசி நாள்’ என்று சில இடங்களில் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ‘தூ.வி.’ என்றே இருக்கிறது. பக்கம் பக்கமாக. இது துறையில் இருக்கும் ஏதாவது குறியீடா?

ஓய்வு_101 | ஞாயிறு, இரவு 10.02

அம்மா, செய்தி இப்போதுதான் தெரியும். மனசு கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன ஊர்களையும் வருஷத்தையும் வைத்து ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பெயர் இங்கே வேண்டாம். கும்பகோணத்தில் நான் வண்டி ஓட்டினேன், அண்ணன் பக்கத்து சீட்டில் இருப்பார். விசில் அவருடையதுதான்.

இடது பக்கம் சுலபம். தேதி, பெல் அடித்த நேரம், கடைசியில் ஸ்டேஷனுக்குத் திரும்பிய நேரம். சி என்றால் சிறு தீ. ந என்று இருந்தால் நடுத்தரத் தீ, பெ என்றால் பெருந்தீ. கு 3 என்றால் குடிசை மூன்று. வை என்று பார்த்திருப்பீர்கள், அது வைக்கோல் போர். ‘வை’ போட்ட இடத்தில் திரும்பிய நேரம் பாருங்கள், ஆறு மணி நேரம் ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். குடிசை அரை மணியில் எரிந்து முடிந்துவிடும். போர் அப்படி இல்லை. மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே கங்கு இருந்துகொண்டே இருக்கும். முழுப் போரையும் கொக்கி போட்டுப் பிரித்து, பரப்பி, நனைக்க வேண்டும். யாரும் வைக்காமலே பற்றிக்கொள்வதும் உண்டு, ஈரத்தோடு போர் போட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். ஊரில் அதற்குள் இரண்டு பங்காளிகள் நடுவில் சண்டை மூண்டிருக்கும். அதையும் அண்ணன்தான் அணைப்பார்.

தூ.வி. எனக்குத் தெரியவில்லை. துறையில் அப்படி ஒன்று கிடையாது.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11.30

நான் இப்போது பணியில் இருப்பவன். ஐயாவுக்கு என் அஞ்சலி.

எனக்குத் தோன்றுவது: ‘தூர் வாரும்போது விஷவாயு’. கோடையில் எங்களுக்கு வரும் மோசமான அழைப்பு இதுதான். கிணற்றில் தூர் வார ஒருத்தர் இறங்குவார், பேச்சு வராது. என்ன ஆச்சு என்று பார்க்க மகன் இறங்குவான். அவனைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் போகும்போது மூன்று பேர் உள்ளே கிடப்பார்கள். சுருக்கெழுத்தில் தூ.வி. என்று போட்டிருக்கலாம் அல்லவா?

ஓய்வு_101 | திங்கள், காலை 6.10

நல்ல யோசனைதான் தம்பி. கிணறு என்றால் அண்ணனுக்குத் தனி ஜாக்கிரதை. அந்தக் காலத்தில் மூச்சுக் கருவி எல்லா ஸ்டேஷனிலும் இருக்காது. வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வேகமாக இழுத்து உள்காற்றைக் கலக்குவோம், தண்ணீரைத் தூவுவோம், அப்புறம் விளக்கை இறக்கிப் பார்ப்போம். விளக்கு எரிகிறதே, இறங்கலாம் என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். அண்ணன் விட மாட்டார். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டியிருந்தால் விளக்கு நன்றாகத்தான் எரியும், ஆள்தான் அணைந்து போவான் என்பார். எஞ்சின் ஓடியதா, எவ்வளவு நேரம் ஓடியது என்று முதலில் கேட்பார். அவரோடு இறங்கிய யாரும் உள்ளே தங்கியதில்லை.

மன்னைப்பொண்ணு | திங்கள், காலை 8.40

இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் விஷவாயு இல்லை என்று நினைக்கிறேன். நேற்று ராத்திரி மூன்று நோட்டைப் புரட்டினேன். ‘கு’ போட்ட நாளிலும் தூ.வி. இருக்கிறது, ‘வை’ போட்ட நாளிலும் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு யாரும் தூர் வாரப் போவதில்லையே. தவிர, கிணறு எல்லாம் இடது பக்கத்தில் ‘கி’ என்று தனியாக இருக்கிறது. தூ.வி. எப்போதும் வலது பக்கம்தான்.

வெண்ணாற்றங்கரை | திங்கள், பகல் 1.05

தூண் விழுந்தது? தூரம், விரைவு?

சும்மா சொன்னேன். அந்தக் காக்கிச் சட்டைக்காரர் ஒல்லியாக, காதோரம் ஒரு தழும்போடு இருப்பாரா? அப்படியென்றால் எங்கள் கொல்லைக் கிணற்றில் இறங்கியவர் அவர்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. ராத்திரி பசு விழுந்துவிட்டது, முதல் ஈற்று, கன்று மேலே நின்று கத்துகிறது. வண்டி வந்தது. மற்றவர்கள் கயிறு, பெல்ட் எல்லாம் தயார் பண்ணிக்கொண்டிருக்க, இவர் இறங்கிப் பசுவின் காதுப் பக்கம் போய் என்னமோ பேசிக்கொண்டே இருந்தார். அது உதைப்பதை நிறுத்திய பிறகுதான் வயிற்றுக்குக் கீழே பெல்ட்டைக் கொடுத்தார். மேலே முப்பது பேர் இழுத்தோம்.

எங்கள் தாத்தா நூறு ரூபாய் கொடுத்தார், வாங்கவில்லை. காப்பி கொடுத்தோம், குடித்தார். போகும்போது தயங்கித் தயங்கி, “ஞாயிற்றுக்கிழமை என் பையனைக் கூட்டிவந்து கன்றுக்குட்டியைக் காட்டலாமா?” என்று கேட்டார். அதே மாதிரி சைக்கிளில் கூட்டிவந்தார். பையன் கன்றைத் தொடப் பயந்துகொண்டு அவர் காலையே கட்டிக்கொண்டு நின்றான்.

மன்னைத்தம்பி | திங்கள், பகல் 1.30

அந்தப் பையன் நான்தான். பயப்படவில்லை. அது நாக்கை நீட்டியது.

வெண்ணாற்றங்கரை | திங்கள், பகல் 1.34

பயந்தீர்கள் தம்பி. நான் பார்த்தேன்.

மன்னைப்பொண்ணு | திங்கள், பகல் 2.20

தழும்பு அவருடையதுதான். ஓடு சரிந்து விழுந்த காயம் என்று அம்மா சொல்வார்.

‘மாடு – கி’ என்று நாலு இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு எதிரே வலது பக்கம் ‘தம்பிக்கு க.கு. காட்டணும்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு டிக். க.கு. என்றால் கன்றுக்குட்டியா! நான் இதைக் கணக்குக் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

அப்படியானால் வலது பக்கம் முழுக்க வீட்டு விஷயம். இடது பக்கம் வேலை, வலது பக்கம் வீடு. இப்போது திரும்பப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் இடது பக்கம் நாலைந்து வரி, ராக்கெட் விழுந்த கூரைகளாக இருக்கும். வலது பக்கம் ‘இட்லி ஆறிவிட்டது’. அடுத்த வருஷம் ‘இட்லி தீர்ந்துவிட்டது’.

ஏப்ரல் 14-க்கு எதிரே ஒவ்வொரு வருஷமும் ‘பச்சடி எடுத்து வைக்கச் சொன்னேன்’.

இரவுப்பணி | திங்கள், மாலை 5.15

ஏப்ரல் 14 எங்களுக்குத் தீத்தொண்டு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தது. பஞ்சு மூட்டைகளும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றி வந்திருந்தார்கள். தீயை அணைத்துக்கொண்டிருந்த 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு வருஷமும் ஸ்டேஷனில் அஞ்சலி நடக்கும். சித்திரை முதல் நாளும் அன்றைக்கே வருவதால் எங்கள் யார் வீட்டிலும் வருஷப்பிறப்பு காலையில் கிடையாது. மத்தியானம்தான் பிறக்கும்.

தீபாவளியைப் பற்றிச் சொன்னீர்கள். 2020 தீபாவளி அன்று விடியும் முன்னாலேயே மதுரையில் ஒரு துணிக்கடையில் தீப்பிடித்துக் கட்டடம் இடிந்து எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தீபாவளி அன்று நான் போன் எடுக்காவிட்டால் அம்மா ஸ்டேஷன் நம்பருக்கே கூப்பிட்டுவிடுகிறார்.

சந்தேகராமன் | திங்கள், இரவு 8.50

இறந்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இழை முழுக்க ஒரே புகழ்ச்சியாக இருப்பதால் சொல்கிறேன். எங்கள் தெருவில் கூரை எரிந்தபோது வண்டி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. வந்த வண்டியில் பத்தே நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. காலி வண்டியை ஓட்டிக்கொண்டு எதற்கு வருகிறீர்கள் என்று ஊரே சத்தம் போட்டது. எங்கள் வீட்டில் மிஞ்சியது அம்மிக்கல் மட்டும். சம்பளம் வாங்குகிற வேலையைச் செய்வதற்கு இவ்வளவு பாராட்டா?

ஓய்வு_101 | திங்கள், இரவு 9.40

தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன் தம்பி. கூரை போனவனுக்குக் காரணம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தண்ணீர் விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் திட்டை 30 வருஷம் நான்தான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து வாங்கினேன். எங்கள் வண்டியில் பிடிப்பது 4,500 லிட்டர். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு ஹோஸை முழு அழுத்தத்தில் திறந்தால் பத்து நிமிடம் தாங்கினால் பெரிசு. வண்டித் தண்ணீர் என்பது முதல் அடிக்குத்தான். அது தீருவதற்குள் பக்கத்தில் குளமோ வாய்க்காலோ பார்த்து, உறிஞ்சு குழாயைப் போட்டு, பம்பை ஓட்டி எடுக்க வேண்டும். அண்ணன் புது ஊருக்கு மாற்றலாகிப் போனால் முதல் வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளம் குளமாகச் சுற்றுவார். எந்தக் குளத்துக்கு வண்டி போகும், எந்தப் படித்துறையில் குழாய் எட்டும், கோடையில் எதில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்து வைப்பார். அவர் ஓய்வு பெறும்போது அதில் பாதிக் குளம் தூர்ந்து கடைத்தெருவாகிவிட்டது.

உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் குளம் இருந்ததா?

சந்தேகராமன் | திங்கள், இரவு 10.05

இருந்தது. இப்போது பஸ் ஸ்டாண்டு.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 7.20

இடையில் ஒரு வேலைச் செய்தி. மன்னைப்பொண்ணு, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற மனு கொடுத்துவிட்டீர்களா? அப்பாவின் ஓய்வூதியப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போங்கள். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் சேர்த்து அப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். நோட்டைப் பிறகு படிக்கலாம்.

மன்னைப்பொண்ணு | செவ்வாய், காலை 8.00

நன்றிங்க. தம்பி நாளைக்குப் போகிறான்.

கஜா_பார்த்தவன் | செவ்வாய், காலை 11.45

நான் அவர் தெருவில் நாலு வீடு தள்ளி. ஓய்வு பெற்றவராகத்தான் எனக்கு அவரைத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தது. வெளிச்சம் வந்து பார்த்தால் தெரு இல்லை, மரம்தான் இருக்கிறது. நாங்கள் எல்லாம் வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தோம். இவர் 60 வயசில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொந்த ரம்பத்தோடு வந்தார். முதலில் கம்பி எங்கே கிடக்கிறது என்று தெரு முழுக்க நடந்து பார்த்து, ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொன்னார். அப்புறம் எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார். எந்தக் கிளையை எந்தப் பக்கம் நின்று அறுக்க வேண்டும், அறுத்தால் அடிமரம் எந்தப் பக்கம் எகிறும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். சாயங்காலத்துக்குள் ஒரு ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு வழி வந்துவிட்டது. கரண்டு வர வாரக்கணக்கில் ஆனது, அது வேறு கதை.

அன்றைக்கு அவர் மனைவி எலுமிச்சைச் சாதத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அவர் கடைசிவரை உட்காரவில்லை. மரத்தின் மேல் நின்றபடியே உருண்டையாகக் கையில் வாங்கிச் சாப்பிட்டார்.

மன்னைத்தம்பி | செவ்வாய், மதியம் 12.10

அக்கா, இத்தனை பேரைக் கேட்டாயே, அம்மாவைக் கேட்டாயா?

மன்னைப்பொண்ணு | செவ்வாய், மதியம் 12.25

இல்லை. நோட்டைப் பார்த்தால் அழுவார் என்று காட்டவே இல்லை. நீ கேளேன்.

மன்னைத்தம்பி | செவ்வாய், மதியம் 12.26

நான் திருப்பூரில் இருக்கிறேன். நீதானே வீட்டில் இருக்கிறாய்.

மன்னைப்பொண்ணு | செவ்வாய், இரவு 9.50

கேட்டுவிட்டேன்.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நோட்டைக் கையில் கொடுக்காமல், “அப்பா தூ.வி. என்று எழுதினால் என்ன அர்த்தம்?” என்று மட்டும் கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “தூங்கிவிட்டார்கள்னு போட்டிருப்பார். ராத்திரி வந்ததும் அதைத்தானே கேப்பார். பிள்ளைங்க தூங்கிட்டாங்களான்னு. தூங்கிட்டாங்கன்னா முகம் சுருங்கிடும்.”

இரண்டு நாளாக விஷவாயு, தூண் என்று என்னென்னவோ யோசித்தோம்.

ஓய்வு_101 | செவ்வாய், இரவு 10.15

ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். வண்டியைக் கழுவி, ஹோஸைக் காயப் போட்டு, தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் யாரும் போவோம். அண்ணன் மட்டும் ஹோஸைச் சுருட்டும்போதே குவார்ட்டர்ஸ் பக்கம் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

மன்னைப்பொண்ணு | புதன், இரவு 11.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தம்பி எழுது என்றான்.

2004 நோட்டு மட்டும் மற்றதைவிடத் தடிமன். அந்த வருஷம் நாங்கள் கும்பகோணம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மார்ச்சில் மகாமகம், அதற்கு நாலு பக்கம். டிசம்பர் 26-லிருந்து நாகப்பட்டினம், சுனாமி வேலை. வலது பக்கம் ‘அரையாண்டு லீவு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீ விபத்து. அதற்கு அவர் போகவில்லை, ஆனாலும் தேதியைக் குறித்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளையும் சேர்த்து 50 பேருக்கு மேல் இறந்தார்களே, அதுதான். மண்டபத்தில் வாசல் எண்ணும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலை 16, வெள்ளிக்கிழமை. இடது பக்கம் இருப்பதை இங்கே எழுத மாட்டேன். கும்பகோணத்தில் அன்று 94 குழந்தைகள் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்துணவு சமைக்கிற இடத்தில் பிடித்த தீ கூரைக்குப் போய், கீற்று எரிந்து பிள்ளைகள் மேல் விழுந்தது. வலது பக்கம் தூ.வி. இல்லை. ‘எழுப்பினேன்’ என்று இருக்கிறது.

அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் இதோடு சேர்த்து ஞாபகம் இல்லை. எனக்கு 13, தம்பிக்கு 9. அப்பா கொல்லைக் குழாயில் ரொம்ப நேரம் குளித்துக்கொண்டிருந்த சத்தம் தூக்கத்திலேயே கேட்டது. அப்புறம் தலையில் ஈரத்தோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் எழுப்பி உட்கார வைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அப்பா தம்பியைப் பார்த்து, “உன் வகுப்புக்கு எத்தனை வாசல்?” என்று கேட்டார். அவன் தூக்கக் கலக்கத்தில் “ஒண்ணு” என்றான். “ஜன்னல் கம்பி போட்டதா?” என்றார். ஆமாம் என்றான். என்னையும் கேட்டார். அப்புறம் படுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. தூங்குகிறவளை எழுப்பி இதையா கேட்பார்கள் என்று அடுத்த நாள் அம்மாவிடம் சண்டை போட்டேன். 13 வயசில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

மன்னைத்தம்பி | புதன், இரவு 11.41

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தார். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே, யூனிபார்மோடு. என் வகுப்பு வாசலில் நின்று அகலத்தைக் கையால் அளந்தார். பக்கத்துப் பையன் “உன் அப்பா ஏன் கதவைக் கட்டிப்பிடிக்கிறார்” என்றான். வெட்கமாக இருந்தது. சமையல் கொட்டகை அப்போது கீற்றுதான். தலைமையாசிரியரோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கீற்றை எடுக்கச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டது. எங்கள் பள்ளியில் அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

ஓய்வு_101 | வியாழன், காலை 5.50

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனிலேயே வண்டிக்குள் படுத்துவிட்டேன். அண்ணன் காலையில் வந்து எழுப்பி டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

வேறு எழுத வரவில்லை.

சந்தேகராமன் | வியாழன், காலை 9.30

அன்றைக்கு நான் எழுதியதை எடுத்துவிடவா?

ஓய்வு_101 | வியாழன், காலை 9.52

எதற்கு? இருக்கட்டும். குளத்தைத் தூர்த்த கதை நாலு பேருக்குத் தெரியட்டும்.

மன்னைத்தம்பி | வியாழன், இரவு 8.15

அக்கா, நீ அனுப்பின போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு நோட்டிலும் தூ.வி. இருக்கிறதே. 2014, 2015. உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நான் திருப்பூர் வந்துவிட்டேன். அந்த வீட்டில் தூங்குவதற்கு நம்ம இரண்டு பேருமே இல்லையே.

மன்னைப்பொண்ணு | வியாழன், இரவு 9.30

இப்போதுதான் நோட்டை அம்மா கையிலேயே கொடுத்துக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் பார்த்தார். அழவில்லை. சிரிக்கத்தான் செய்தார்.

“அது நான். ஆனா நான் எங்கடி தூங்கினேன்? வண்டி உள்ளே வர்ற சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். முழிச்சிருந்தா ஏன் முழிச்சிருக்கேன்னு கேட்டு, அவர் சாப்பிடாமப் படுத்துடுவார். அதனால கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பேன். தட்டு எடுக்குற சத்தம் கேக்கும், குழம்பை ஊத்துற சத்தம் கேக்கும். அப்புறம் ரெகுலேட்டரை மூடுற சத்தம்.”